அக்கா திறந்த கதவு

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் பிறந்த எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறுகிறது. அப்பா போனபின் படிப்பை விட்டு, பாலர் பள்ளி வேலைக்குப் போய் என்னை ஆளாக்கியவர். வாசலுக்கு வந்த எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. இந்த நினைவு மலரில் இதைப் பெருமையாக எழுதச் சொல்கிறார்கள் உறவினர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்துகள் தோற்றபின் மரபணு சிகிச்சை ஒன்றுதான் மிஞ்சியது. அக்காவின் ரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் அணுக்களைப் பிரித்தெடுத்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தி, புற்றுநோயை அடையாளம் கண்டு கொல்லப் பழக்குவார்கள். பிறகு அவற்றை அக்காவின் உடலிலேயே ஏற்றுவார்கள்.

"அது வர்ற வரைக்கும் யாரையும் பக்கத்துல விடாதீங்க. சாதாரண சளி போதும், எல்லாம் கெட்டுடும்," என்றார் டாக்டர். உறவினர் அனைவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். சரி சரி என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வேன் நிறைய ஆட்களோடு எங்கள் தெம்பனிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை.

"விசிட்டரத்தானே வரக்கூடாதுன்னாங்க? நாங்க சொந்தக்காரங்க லா," என்றார் இருமிக்கொண்டே. "இது ஏர்கான் சளி, ஒன்னும் பண்ணாது."

அக்காவே எழுந்து வந்தார். "வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கிறதா? தள்ளுடா தம்பி," என்று திறந்துவிட்டார். மாமா அவருக்குத் திருநீறு பூசினார், மீன் குழம்பு சோறு ஊட்டினார், படம் எடுத்தார். இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

மறுவாரம் அக்காவுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. அணுக்கள் வந்து சேர்ந்தன. காய்ச்சலோடு ஏற்ற முடியாதென்று உறைபெட்டியில் வைத்தார்கள். காய்ச்சல் இறங்குவதற்குள் புற்றுநோய் முந்திக்கொண்டது. அக்காவை எரியூட்டிய அன்றும் அவருடைய அணுக்கள் மருத்துவமனையில் நலமாக இருந்தன.

"விதி, என்ன செய்யிறது," என்றார் மாமா. அவருக்குச் சளி எப்போதோ சரியாகியிருந்தது.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. கஞ்சிப் பையைக் கதவில் மாட்டிவிட்டு, மணி அடிக்காமல் போன பக்கத்து வீட்டு மலாய் அம்மையாருக்கு என் ஆயுள் முழுதும் நன்றி. உறவினர்களுக்கும் நன்றி எழுதச் சொன்னார்கள். உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்புதான் அவரைக் கொன்றது.

திதிச் சாப்பாடு கோயில் மண்டபத்தில். சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்புங்கள். வீட்டுக்கு வராதீர்கள். கதவைத் திறக்க அக்கா இல்லை.