பெரிய வெள்ளியன்று போட்ட கோலம்

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரமே எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். பெரிய வெள்ளியன்று ஊரைச் சுற்றிப் பதினான்கு இடங்களில் நின்று செபிக்கும் சிலுவைப்பாதையின் ஏழாம் நிலை எங்கள் வீட்டு வாசலில். ஆண்டவர் இரண்டாம் முறை கீழே விழும் நிலை அது. மேசை போட்டு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். செபத்தை என் கணவர் வாசிப்பார். மன்றாட்டை மட்டும் வீட்டுப் பிள்ளை சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்கள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி நகரத்தில், ஒரு மாடி வீட்டில். எங்கள் பங்குக் கோயிலில் சிலுவைப்பாதை உள்ளேயே நடந்து முடிந்துவிடும். கல்யாணமாகி வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த பிறகுதான் சாமியாரும் சிலுவையும் சனமும் தெருவுக்கு வருவதைப் பார்த்தேன். இத்தனை பேர் கண் முன்னால் ஏதாவது தப்பு செய்துவிடுவேனோ என்று கூட்டத்தில் முடிவான அன்றைக்கே ஆரம்பித்தது பயம்.

தினமும் ஏழு மணிக்குக் குடும்பச் செபம் முடிந்ததும் மகளுக்கு மன்றாட்டைச் சொல்லிக்கொடுப்பேன். நானே எழுதிய ஒரே வரிதான். "சேசுவே, கீழே விழுந்தவர்களைத் தூக்கிவிட எங்களுக்கு நல்ல மனசு தாரும்." பாதி நாள் செபமாலையில் இரண்டாம் பத்து மணியைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் என் மடியில் தூங்கிவிடுவாள். எழுப்பிச் சொல்லவைப்பதா, தூங்கவிடுவதா? எழுப்பினால் செபம் என்றாலே வெறுத்துவிடுவாளோ, விட்டால் சோம்பல் பழகிவிடுமோ? இப்படி யோசித்துக்கொண்டே இருப்பேன். அதற்குள் என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்.

தவக்காலத்தில் பிடித்தது ஒன்றை ஈஸ்டர் வரை விடுவது எங்கள் வழக்கம்; அவளாகவே முட்டையை விட்டிருந்தாள். "நீ இன்னா வுட்ட?" என்று என்னைக் கேட்டாள். காபி என்றேன். "அப்பா?" என்றதற்கு அவர், "உங்கம்மாவ எதுத்துப் பேசுறத" என்றார்.

பெரிய வியாழன் மாலை, எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். அவர்கள் இந்துக்கள், கரும்பு விவசாயம். என் வயதுதான், ஆனால் என்னை அக்கா என்பாள்.

"நாளிக்கு உங்க சாமி உங்க வூட்டாண்ட நிக்குமாமே. இன்னா கோலம் போடப்போற?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சாமி வருகிறது என்றால் வாசலில் கோலம் வேண்டாமா? அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அடுத்த வீட்டிலிருக்கும் என் ஓரகத்தியை, அதாவது கணவரின் அண்ணன் மனைவியைக் கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பொங்கலுக்கு வாங்கி மிச்சமான கலர்ப்பொடியெல்லாம் ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மகளை எழுப்பி, இருவரும் சிமெண்டுத் தரையில் பதினைந்து புள்ளி வைத்தோம். நடுவில் சிலுவை, சுற்றிலும் தாமரை. இதழ்களுக்கு ரோஸ் நிறப் பொடியை அவளே தூவினாள். ஒரு மணி நேரம் ஒரு சண்டையும் இல்லாமல் என்னோடு குந்தியிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

ஓரகத்தி குடத்தோடு வெளியே வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டி, இன்னாடி இது?"

"கோலம்க்கா."

"அது தெரியுது. இன்னிக்கு ஆண்டவர் செத்த நாளு. சாவு வூட்டுல எவளாவது கோலம் போடுவாளா? கோயில்ல மணிகூட அடிக்காம மரக்கட்டைய தட்டிக்கினு வராங்க, நீ இங்க பொங்கல் கொண்டாடுற!"

எனக்குக் காது சுட்டது. அவர் சொன்ன பிறகு எல்லாம் விளங்கியது. சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருக்கும் நாள் அல்லவா? எம்.காம். படித்தவளுக்கு இது தோன்றவில்லை. ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன்.

"அடியே, மொதல்ல பெருக்குடி!" என்று அவர் கத்துவதற்குள் ஊற்றியாகிவிட்டது. மாவு போனது. ரோஸ் நிறம் கரைந்து வாசல் முழுக்கப் பரவியது. காலை முழுக்கத் தண்ணீர் விட்டுத் தேய்த்தும் சிமெண்டை விட்டுப் போகவில்லை.

மகள் விம்மி விம்மி அழுதாள். "என் பூவ அழிச்சிட்ட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போ."

ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்த வரி. கெஞ்சினேன். முட்டை பொரித்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அன்றைக்குக் கறி, முட்டை தொடாத சுத்தபோசனம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். நான் ஒரு ஆசைக்குப் போட்ட கோலத்தால் பிள்ளை செபத்தையே வெறுத்துவிட்டாளே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. மேசைக்கு விரித்த ஊதாத் துணியைக்கூட என் கணவர்தான் சரிசெய்தார்.

பத்து மணி இருக்கும். தெருமுனையில் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. சிலுவையும் சனமும் எங்கள் வாசலில் வந்து நின்றன. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். சாமியாரும் அந்த ஈரத் தரையில்தான் முழந்தாளிட்டார். என் கணவர் செபத்தை வாசித்து முடித்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது அவள் முகத்தை வெளியே எடுத்தாள். கணீரென்று வந்தது குரல்.

"சேசுவே, கீழே விழுந்தவர்களைத் தூக்கிவிட எங்களுக்கு நல்ல மனசு தாரும்." மூச்சு வாங்கிக்கொண்டு, நான் எழுதித்தராத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "எங்கம்மா அழிச்ச கோலத்த திருப்பிப் போட்டுத் தரணும்."

பழக்கதோஷத்தில் ஊரே ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சிலருக்கு உறைத்தது. ஓரகத்தி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டார். சாமியார் எழுந்தபோது அவருடைய வெள்ளை அங்கியில் முழங்கால் இரண்டிலும் ரோஸ் வட்டம். குனிந்து பார்த்தார், மகளைப் பார்த்தார், எட்டாம் நிலைக்கு நடந்தார். பின்னால் போன எல்லோருடைய வேட்டியிலும் புடவையிலும் அதே நிறம்.

மதியம் கோயிலில் கஞ்சி வாங்கும்போது ஒவ்வொருவராக என்னிடம், "எப்பம்மா கோலம்?" என்று கேட்டார்கள். கேலிதான். ஆனாலும் இந்த ஊரில் என்னிடம் அத்தனை பேர் பேசியது அன்றுதான் முதல்முறை.

ஈஸ்டர் ஞாயிறு காலை கோலமாவோடு வாசலுக்கு வந்தும் எனக்குத் தயக்கம் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் புதுக் கலர்ப்பொடியோடு தெருவைத் தாண்டி வந்தாள். அவித்த முட்டையைக் கடித்துக்கொண்டே மகள் புள்ளி வைக்கும் இடத்தைக் காட்டினாள். நான் அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, இன்னிக்குப் போடலாமா?"

உள்ளேயிருந்தே பதில் வந்தது. "போட்டுத் தொலடி. ஊரே மன்றாடியிருக்குல்ல."