அண்ணனுக்கு ரத்தம் கொடுக்கப் போனவர்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இலங்கைத் தோட்டமொன்றில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். வளர்ந்ததெல்லாம் கீழ் கோத்தகிரி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா சீக்கிரமே போய்விட, தேயிலை ஃபேக்டரியில் சேர்ந்து தங்கையான என்னைக் கரையேற்றினார். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும்.

ஓய்வுபெற்ற பின் முகம் வெளுத்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்றார்கள். அவ்வளவுதான், லயமே சமையலில் இறங்கியது. ஞாயிறு தவறாமல் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், சமைத்து வந்தது. ரத்தம் ஊற அதைவிட வேறென்ன உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அண்ணனுக்கோ இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாதென்று விழுங்குவார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். சரியாகக் கவனிப்பதில்லை என்று அண்ணிக்குத்தான் திட்டு விழுந்தது.

கோவையில் எலும்பில் ஊசி போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை தழும்பேறிவிட்டது. அந்த வேலையை மண்ணீரல் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீங்கி, இரைப்பையை நெருக்குகிறது. அபூர்வமான நோய், யார் செய்த தப்பும் இல்லை, சாப்பாட்டால் தீராது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மஜ்ஜை மாற்றும் சிகிச்சையை அண்ணனின் இதயம் தாங்காதாம். வீக்கம் குறைய மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, இடப்பக்கம் அடிபடாத கவனம், அவ்வப்போது ரத்தம் ஏற்றுவது. இவைதான் வழி.

அடுத்த ஞாயிறு பாத்திரத்தோடு வந்தவர்களை அண்ணன் உட்கார வைத்தார்.

"இதை நீங்க சாப்பிடுங்க. எனக்குக் குடுக்கணும்னா ரத்தமாக் குடுங்க. அதுலதான் நான் நடமாடணும்."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரமே ஜீப் பிடித்து ரத்த வங்கிக்குப் போனார்கள். ஆண்கள் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலரை, உங்களுக்கே ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்து அண்ணன் கலங்கிப் போனார்.

"எனக்கு எலும்புலயே கோளாறுங்க. உங்களுக்கு மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும். நாளைக்கே டாக்டரைப் பாருங்க."

போனார்களா என்று கடைசிவரை விடாமல் விசாரித்தார்.

ரத்தம் கொடுத்த புண்ணியவான்களே, உங்களால்தான் அண்ணன் மேலும் சில ஆண்டுகள் எங்களோடு இருந்தார். ஒரு காய்ச்சலில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாக அடங்கினார். உங்களுக்கும், டாக்டருக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

திருப்பி அனுப்பப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கும்தான். போன மாதம் உங்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நேரே அண்ணன் படத்தின் முன்னால் நின்றார். "அண்ணே, இன்னிக்கு என்கிட்ட ரத்தம் எடுத்துக்கிட்டாங்க" என்றார். அது யாருக்குப் போகிறதென்று அவருக்குத் தெரியாது.