சேற்றுக்கு எத்தனை அடி

குமுதா கைப்பையைக் கழற்றாமல்தான் ஆட உட்காருவார். பட்டை தோளில் மாட்டியபடி இருக்கும், பை மடியில் கிடக்கும். ஆறு மணி கமுட்டர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போகவேண்டும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவார். பிரிக்பீல்ட்ஸில் அவர் ஆடவரும் மாடிக் கடையில் ஒரு தே தாரிக் டீ வாங்கினால் போதும், அலமாரியில் இருக்கும் பலகை ஆட்டங்களில் எதையும் எடுத்து ஆடலாம்.

வயது ஐம்பத்திரண்டு. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு லோரி கம்பெனியில், எந்த லோரி எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்புகிற வேலை. டிரைவர்கள் அவரிடம் வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோனவர்கள். அதே ஆபீசில் இருக்கும் முகுந்தன்தான் அவரை இங்கே இழுத்து வந்தான். வந்த முதல் நாளே விதிப் புத்தகத்தைக் கைப்பற்றிக்கொண்டார். மூன்றாவது ஆளான பல் டாக்டர் சோலையப்பன் ஒருமுறை அதை எட்டி எடுக்கப் போய், புறங்கையில் ஓர் அடி வாங்கினார்.

இவர்கள் ஆடும் ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடியாது. மூவரும் சேர்ந்து, வெள்ளம் வருவதற்குள் பலகையில் இருக்கும் கம்பத்தின், அந்தக் கிராமத்தின், மக்களை மேட்டில் ஏற்றவேண்டும். ஒருவரின் முறைக்கு நாலு அடி நகரலாம். சாலைக்கும் மேட்டுக்கும் ஒன்று, காட்டுக்கு இரண்டு. சேற்றுக்கும் இரண்டு என்றுதான் புத்தகம் சொல்கிறது, ஆனால் குமுதா அதோடு விடவில்லை. "உள்ள போக ரெண்டு, வெளிய வரவும் ரெண்டு. சேத்துல லோரிய விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். யார் மறுத்துப் பேசுவது? பத்து ஞாயிறு ஆடினார்கள், பத்திலும் தோற்றார்கள்.

நடுவில் ஒருநாள் சோலையப்பன், காட்டுக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவே சட்டத்தை மாற்றக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டார் குமுதா.

பதினோராவது ஞாயிறு எல்லோருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. முகுந்தன் செவ்வாய்க்கிழமை கடல் தாண்டிக் கூச்சிங்குக்கு மாற்றலாகிப் போகிறான். மூவரும் சேர்ந்து ஜெயிக்க இதுதான் கடைசி வாய்ப்பு. அன்று ஆட்டமும் அபாரமாகப் போனது. கம்பத்தில் ஒரே ஒரு மீனவர்தான் மிச்சம். அவரைச் சுமந்துகொண்டு குமுதாவின் காய் வேறு வழியில்லாமல் சேற்றில் இறங்கியது. நாலில் மூன்று அடி தீர்ந்தது. பக்கத்துக் கட்டம் மேடு. கையில் இருப்பது ஓர் அடி, வெளியே வர வேண்டியது இரண்டு. அடுத்தது வெள்ளத்தின் முறை.

ஆத்திரத்தில் எழுந்த சோலையப்பனின் முழங்கை பட்டுத் தே தாரிக் கவிழ்ந்தது. குமுதா பதறிப்போய்ப் புத்தகத்தைத் தூக்கினார். எப்போதும் மேசையோடு ஒட்டிக் கிடந்த பின்னட்டை அன்றுதான் அவர் கண்ணில் பட்டது. அதில் ஒரு படம். சாலையிலிருந்து சேற்றுக்குள் போகும் அம்பின்மேல் இரண்டு என்று போட்டிருந்தது. சேற்றிலிருந்து வெளியே வரும் அம்பின்மேல் ஒன்று. நுழைகிற கட்டத்துக்கு மட்டும்தான் கணக்கு என்று கீழே எழுதியும் இருந்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேலாக ஒரு சந்தோஷம் நெஞ்சை முட்டியது. புத்தகத்தை மூடிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ அதை இருவர் பக்கமும் திருப்பிப் பிடித்தார்.

"பத்து வாரமும் என்னாலதான் தோத்தோம்."

படத்தைப் பார்த்த சோலையப்பன் துள்ளிக் குதித்து, அப்படியானால் ஜெயித்தாயிற்று, காயை மேட்டில் வையுங்கள் என்று பரபரத்தார். முகுந்தன் கைதட்டவே ஆரம்பித்துவிட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். குமுதாவின் விரல் காயின்மேல் இருந்தது, ஆனால் தள்ளவில்லை.

"என் சட்டத்துல ஆரம்பிச்ச ஆட்டம்லா இது. தோத்தாச்சு. முதல்லேருந்து அடுக்குங்க, இப்ப கண்டிப்பா ஜெயிப்போம்."

முகுந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நாற்பது.

"அக்கா, உங்க கமுட்டர்?"

குமுதா தோளிலிருந்து பட்டையைக் கழற்றி, பையை நாற்காலியின் முதுகில் மாட்டினார்.