எங்கம்மா கல்யாணம் சிறுகதையான விதம்

நடந்ததை நடந்தபடி எழுதி இலக்கியப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், கொஞ்ச காலத்தில் அது நடந்ததா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். நீங்களும் அப்படி அனுப்பிவிட்டு, நாளெல்லாம் மெயிலைத் திறந்து திறந்து மூடுகிறவர் என்றால் நான் சொல்வது புரியும். புரியவில்லையென்றால் நீங்கள் இன்னும் அனுப்பவில்லை என்று அர்த்தம். அனுப்பாதீர்கள்.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற பியூஸ் கட்டைகளில் விரிசல் விட்டதைத் தனியே எடுத்துப் போடவேண்டும். மற்ற நேரத்தில் செல்போனில் எழுதுவேன். எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், எங்கள் அம்மாவின் கல்யாணம். அப்பா இறந்து பல வருஷம் ஆனபிறகு, தன் ஐம்பத்து மூன்றாவது வயதில், அம்மா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சத்துணவு சமையலுக்காக அம்மா தினமும் போய்வந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்தான் மாப்பிள்ளை. அவருக்கும் மனைவி இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து போட்டது நான். அதைத்தான் எழுதினேன்.

அழாத அம்மா

முதலில் அனுப்பிய பத்திரிகையிலிருந்து ஆசிரியரே போன் செய்தார். கையிலிருந்த பியூஸ் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"நடை நல்லா வந்திருக்குதும்மா. ஆனா அந்த அம்மா பாத்திரம்தான் சரியா அமையல. கையெழுத்து போட்டுட்டு வெளிய வர்றாங்க, பசிக்குதுங்கறாங்க, நேரா போயி பரோட்டா சாப்புடுறாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வாசகன் எப்படி ஒத்துக்குவான்?"

"அவங்க அழலைங்க சார். காலைலேருந்து சாப்புடாம இருந்தாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அவர் என்னை நம்பவில்லை என்றும் சொல்லமுடியாது. அம்மாவைத்தான் நம்பவில்லை. கடைசியில் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "நடந்தது இருக்கட்டும்மா, நடந்த மாதிரியே இல்லையே!"

ஆதாரம்

இரண்டாவது பத்திரிகைக்கு அனுப்பும்போது உஷாராகி, மேலே 'இது புனைவு அல்ல' என்று எழுதினேன். அந்த மூன்று வார்த்தைதான் வினை. துணை ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். இளம் குரல், நல்ல மரியாதை. புனைவு இல்லையென்றால் எங்களிடம் அது கட்டுரைப் பகுதிக்குத்தான் வரும், கட்டுரை என்றால் மேற்கோளும் அடிக்குறிப்பும் வேண்டும், உங்களுடையதில் ஒன்றுகூட இல்லையே என்றார்.

"இதுல மேற்கோள் எங்கேருந்து வரும் சார்? எங்கம்மா கல்யாணம் அது."

"இல்ல மேடம், மறுமணம் பத்தி யாராவது ஆய்வு பண்ணியிருப்பாங்கல்ல. அந்த மாதிரி ஆதாரம் ஏதாச்சும் இருந்தா..."

"ஆதாரம் எங்கம்மாதான். ஸ்ரீமுஷ்ணத்துல இருக்காங்க. நீங்க எப்ப வேணா போயிப் பாக்கலாம்."

அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "அவங்கள அடிக்குறிப்புல போட முடியாதே மேடம்."

நீலச் சட்டை

இரண்டு பத்திரிகை சந்தேகப்பட்டபிறகு, என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் எழுத்துப் பக்கம் வராத ஆள், டிராக்டர் மெக்கானிக். அம்மா கல்யாணத்துக்கு எல்லோருக்கும் முன்னால் சரி என்றவர் அவர்தான். "அத்தை தனியா கெடந்து என்ன பண்ணப்போறாங்க, பண்ணி வெச்சிடலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர். அதையும் எழுதியிருந்தேன். படித்தால் மகிழ்வார் என்று பார்த்தால், முகத்தைச் சுளித்தார்.

"நீலச் சட்டைன்னு எழுதியிருக்கற. நான் அன்னிக்கி சந்தனக் கலருல்ல போட்டிருந்தேன்?"

நீலம்தான் என்றேன். சந்தனம்தான் என்றார். சாயங்காலம் வரைக்கும் சண்டை. கடைசியில் செல்போனில் அன்றைக்கு எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தோம். அதில் அவர் கட்டம் போட்ட சட்டையில் நிற்கிறார். நான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். சட்டையே இப்படியென்றால், அம்மா சொன்னதாக நான் எழுதியதெல்லாம்? ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரம்? இருந்ததா அந்த மரம்? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தட்டிக்கொடுத்தார்: "போட்டோவ நம்பாத சித்ரா, அது பழைய செல்லு."

வூடும் இல்லமும்

மூன்றாவது பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லாமல். சில நாளில் அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி பக்கங்களை அனுப்பினார்கள். படித்தபோது யார் வீட்டுக் கல்யாணமோ என்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் சொல்லியிருந்தார்: "வூட்டுல ஒண்டியா சோறு தின்னா தொண்டையில எறங்கல சித்ரா." அது இப்படி மாறியிருந்தது: "இல்லத்தில் தனிமையில் உணவருந்துகையில் தொண்டையில் இறங்குவதில்லை, சித்ரா." எங்கள் அம்மா உணவருந்தி நான் பார்த்ததே இல்லை.

பிழை திருத்துகிறவரைப் போனில் பிடித்தேன். வயதானவர். அம்மா எப்படிப் பேசுவார் என்று அவருக்குப் பேசிக் காட்டினேன். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன் என்றும் சொன்னேன். அவர் அந்த வரியைப் பழையபடி மாற்றித் தருகிறேன், மற்றதைக் கேட்காதீர்கள் என்றார். வைக்கும்போது சொன்னார்: "எங்க வூட்டுலயும் வூடுதாம்மா. அச்சுல ஏறணும்னா காலக் கழுவிகிட்டுத்தான் ஏறணும்."

கதை ஒன்று குறைந்தது

இதழ் வந்தது. பிரித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'சிறுகதை' என்று போட்டிருந்தது. தவறு நடந்துவிட்டதோ என்று ஆசிரியருக்குப் போன் செய்தால், அவர் சாதாரணமாக, "இந்த எதழ்ல கதை ஒண்ணு கொறஞ்சிதுங்க" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் பரிமளாவுக்கு மட்டும்தான் நான் எழுதுவது தெரியும். எங்கள் குடும்பமும் தெரியும். அப்பாவின் தம்பி, எங்கள் பக்கத்து மங்களூரில் இருக்கிற சித்தப்பா, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. சொந்தத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அதை ஊரறிய அச்சில் போடுகிறோமே என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்ததும் பரிமளாவுக்குத் தெரியும். இதழைக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முழுக்கப் படித்தாள். கண் கலங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "கதைன்னு போட்டது நல்லதாப் போச்சுக்கா, யாராச்சும் கேட்டா இல்லவே இல்லன்னு சொல்லிடலாம்."

ஆறுதலாகத்தான் இருந்தது. இரண்டு நிமிஷம் கழித்து, இல்லவே இல்லை என்று சொல்வதற்கா இவ்வளவு பாடுபட்டு எழுதினேன் என்றும் இருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் வாசிப்பு

அம்மாவிடம் காட்டாமல் இருக்கமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதட்டை அசைத்துப் படித்தார். கண்டக்டராக இருந்த அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா பக்கத்தைத் திருப்பும்வரை காத்திருந்து காத்திருந்து படித்தார். வீட்டு விஷயத்தைச் சந்தியில் வைத்துவிட்டாயே என்று அம்மா கேட்கப்போகிறார் என்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் அவர் எழுந்து, "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அம்மா அந்த 'சிறுகதை' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"கதைன்னு போட்டிருக்குது? அப்ப எனக்குக் கல்யாணம் ஆவலையா?"

பத்திரிகைக்காரர்கள் அப்படிப் போட்டுவிட்டார்கள் என்று என்னென்னவோ விளக்கினேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரோட்டா வரைக்கும் எழுதியிருக்கற. அவர மட்டும் மொதல்லேருந்து கடைசி வரைக்கும் அவரு, அவருன்னே எழுதியிருக்கற. அவரு பாத்துகிட்டேதான் இருந்தாரு."

எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. நேரில் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே சமாளித்துக்கொண்டிருந்தேன், அதே மாதிரி எழுத்திலும் வந்திருக்கிறது. எழுத்தில் பொய் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா இதழை மடித்து என் மடியில் வைத்தார்: "அதான் கதைன்னு ஆயிப்போச்சுல்ல, கதையிலயாச்சும் அப்பான்னு எழுதியிருக்கலாமேடி."

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு போன்

கொஞ்ச நாள் கழித்து அம்மாவும் அவரும் வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்போது ஆசிரியரிடம் என் நம்பரை வாங்கியதாகச் சொல்லி ஒரு பெண் பேசினாள். சேத்தியாத்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளாம். அவளுடைய அம்மா தனி ஆள். நல்ல மனிதர் ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். அண்ணன் குதிக்கிறான். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இவள் நான் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"முழுசா கேட்டாங்கக்கா. கேட்டுட்டு, 'அது கதைடி, கதையில நடக்கும்'னுட்டாங்க. நெசமா, கதையா, அத மட்டும் சொல்லுங்கக்கா. கதைன்னா நான் விட்டுடறேன்."

முதல் ஆசிரியரிடம் நிஜம் என்று கெஞ்சியதும் நான்தான். சித்தப்பா காதுக்கு எட்டினால் கதை என்று சொல்லத் தயாராக இருந்ததும் நான்தான். இப்போது அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அம்மா பெயரை இழுக்கலாமா என்பதும் தெரியவில்லை. "அது வந்து..." என்று இழுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "உங்கம்மாகிட்ட குடும்மா" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு, பிறகு ஒரு தயங்கிய ஹலோ.

அம்மா வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கதையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, அவரு இப்ப வாசல்ல வண்டியத் தொடச்சிகிட்டு இருக்காரு, வேணும்னா பேசுறீங்களா?"

இனிமேல் எந்தப் பத்திரிகையாவது இது கதையா கட்டுரையா என்று கேட்டால், எனக்குத் தெரியாது, நான் வெறும் சாட்சிதான் என்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன்.