பிசாசு ஓட்டிய கார்

காளவாசலுக்குக் கொஞ்சம் முன்னால், பைபாஸ் ரோட்டின் நடுவில், கால் முறிந்து கிடந்தபடி நான் சொன்ன முதல் வார்த்தை "ஒண்ணும் இல்லண்ணே" என்பதுதான். அதைச் சொன்னது என்னை இடித்துத் தள்ளிய ஆளிடம். அவர் காரை விட்டு இறங்கி, முதலில் தன் பம்பரைப் பார்த்து, பிறகு என்னைக் குனிந்து பார்த்து, "ஒண்ணும் ஆகலேல்ல?" என்று கேட்டார். நானும் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னேன். வளர்த்த வளர்ப்பு அப்படி. எலும்பு ரெண்டாகப் போனாலும் அடுத்தவர் மனம் கோணக் கூடாது.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழாசிரியை. வீடு திருநகரில். பள்ளிக்குப் போக வர மோட்டார் சைக்கிள்தான். ஸ்கூட்டி இல்லை, கியர் போட்டு ஓட்டுகிற பைக். கல்லூரி நாளிலேயே பழகியது, பிறகு விடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது என் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பைபிளையும் மடியில் வைத்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்துச் சிரித்த சபை மக்களுக்கு இருபது வருசமாகியும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று காலை எட்டேகால் மணி இருக்கும். பேக்கரி ஒன்றின் முன்னால் இடது ஓரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. நான் அதைத் தாண்டப் போகிற நேரத்தில், எதிர்ப்பக்கம் போவதற்காக மீடியன் இடைவெளியைப் பார்த்து ஒரே வெட்டாக வலது பக்கம் பாய்ந்தது. இண்டிகேட்டர் இல்லை, ஹாரன் இல்லை. வலது காதில் போனை அணைத்துப் பிடித்திருந்த கையும், எதையோ கேட்டுச் சிரித்த வாயும் மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. கார் மூக்கு என் இடது காலில் இறங்கியது. நான் வலது பக்கமாகப் போய் விழுந்தேன். ஹெல்மெட் தரையில் உரசிய சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. வலது தோளில் ஏதோ முறிந்தது. வண்டி மட்டும் கொஞ்ச தூரம் தனியாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. நம்மூரில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஒருவர் தண்ணி குடுங்க என்றார், இன்னொருவர் தண்ணி குடுக்கக் கூடாது என்றார். இரண்டு பேருக்கும் அதில் வாக்குவாதம் வந்துவிட்டது. மூன்று பேர் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய மனிதர், "பொம்பளைக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெரிய வண்டி?" என்று கேட்டார். பதில் தெரிந்தாக வேண்டும் என்பதுபோல் இரண்டு முறை கேட்டார். கால் நொறுங்கிக் கிடந்தவளுக்குத் தூக்கிவிடுகிற ஆளைவிட இந்தக் கேள்விதான் முதலில் கிடைத்தது.

அப்போதுதான் ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூ வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் காளவாசலுக்கு விற்கப் போய்க்கொண்டிருந்தவள். மல்லிகை மூட்டையின் மேலே போட்டிருந்த ஈரத்துணியை உருவி, வெயில் படாமல் என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

"அசையாத ஆத்தா. யாரும் தூக்காதீங்கய்யா, ஆம்புலன்சு வரட்டும்."

அதற்குள் வெள்ளைக் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூக்காரி துணியைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டு நேரே காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்கய்யா கெளம்பிட்ட? ஏத்து பார்ப்போம், என் மேல ஏத்திட்டுப் போ பார்ப்போம்!"

"ஏம்மா, ஓரமா நிறுத்தத்தான் போறேன்" என்றார் அவர்.

"இங்கேயே நிக்கட்டும். இதுதான் உனக்கு ஓரம்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. ஆட்டோக்காரரிடம் கார் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இடது காலுக்குள் கம்பி வைத்தார்கள். வலது காறை எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள். நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் போதகர் வந்தார். அவர் பின்னால், ஆப்பிள் பையோடு அந்த வெள்ளைக் கார் ஆசாமி. அப்போதுதான் அவர் யாரென்று தெரிந்தது. பக்கத்துச் சபையில் மூப்பர், பிரசங்கமும் செய்கிற பெரியவர், எங்கள் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலும் ஒருவர். போதகர் அதை ஒரு நல்ல செய்திபோலச் சொன்னார்.

"நம்ம ஆளுதான் டீச்சர். வெளி ஆளா இருந்திருந்தா எம்புட்டுக் கஷ்டம்!"

வெளி ஆள் இடித்திருந்தால் எலும்பு வேறு மாதிரி உடைந்திருக்கும் போலும்.

"ஜெபிச்சுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூப்பர் கண்ணை மூடினார். அவருடைய ஜெபம் நீளமானது. ஆபத்து நேரத்தில் எங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காத்ததற்காக ஆண்டவரைத் துதித்தார். எங்கள் இருவரையும்! அவருக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை. பிறகு, இரண்டு தேவ பிள்ளைகளுக்கு நடுவே பகையை உண்டாக்க அந்தக் காலை நேரத்தில் பிசாசானவன் செய்த சூழ்ச்சியை முறியடிக்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். கதவருகே நின்ற நர்ஸ்கூடக் கண்ணை மூடியிருந்தார்.

நான் கண்ணை மூடவில்லை.

"போன் பேசினது பிசாசு இல்லீங்க, நீங்க."

ஜெபம் பாதியில் நின்றது. போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பத்து வயதிலிருந்து எத்தனையோ ஜெபத்தில் நின்றிருக்கிறேன். குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், ஏதோ நடந்தது நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தார் மூப்பர்.

"நடக்கல. நீங்க செஞ்சீங்க. 'நான் பார்க்காமத் திருப்பிட்டேன், தப்பு என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட விட்டுர்றேன்."

சத்தியமாக விட்டிருப்பேன். ஆஸ்பத்திரிச் செலவைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். அவர் போதகரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஆப்பிளைப் பார்த்தார். "ரொம்ப வேதனையில இருக்காங்க, நாம இன்னொரு நாள் வரலாம்" என்று போதகரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மன்னிப்பைப் பற்றி அத்தனை பிரசங்கம் செய்கிற வாய்க்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை போன் செய்தார். "டீச்சர், கேஸுகீஸுன்னு போகாதீங்க. பள்ளிக்கூடத்துக்கு நல்லாருக்காது" என்றார். என் கால் எப்படி இருக்கிறது என்று கடைசியில் கேட்டார். எங்கள் கணக்கு வாத்தியார் திராட்சைப் பையோடு நேரிலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, "நான் உங்களுக்குப் பின்னாடிதான் வந்தேன் டீச்சர், எல்லாம் பார்த்தேன், முழுத் தப்பும் அவருதுதான்" என்றார். வந்து சொல்லுங்க சார் என்றதும், தன் பதவி உயர்வு அந்தக் குழுவின் முன்னால் இருப்பதை விளக்கினார். விவரமாக, படிப்படியாக விளக்கினார். பதினெட்டு வருசம் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். நான் திராட்சையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டுதான் போனார்.

வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். அதில் வண்டியை ஓட்டியது என் வீட்டுக்காரர், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நான் அப்ப வீட்ல ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப யாரு ஓட்டுனது?"

"நான்தான்" என்றேன்.

"கியர் வண்டியா?"

"கியர் வண்டிதான்."

லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கியும் பார்த்தார். கள்ள நோட்டுக்கு இருக்கிற மரியாதை அதற்குக் கிடைத்தது. பிறகு அடித்துத் திருத்திவிட்டு மேலே படித்தார்: "கார் வலது பக்கம் திரும்பியபோது மேற்படி மோட்டார் சைக்கிள் வந்து மோதியது."

"திரும்பியபோது இல்ல ஏட்டய்யா. திருப்பியபோது. கார் தானாத் திரும்பாது, ஓட்டுனவர் திருப்பினார். பார்க்காமத் திருப்பினார். வந்து மோதினதும் நான் இல்ல, அவர்."

"திரும்பினா என்ன, திருப்பினா என்ன? ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"ஒண்ணு இல்லங்க. எட்டாம் வகுப்புல இதுக்கு ரெண்டு மார்க்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் 'ம்' என்பதை அடித்துவிட்டு மேலே 'ப்' என்று எழுதினார். அந்த ஓர் எழுத்து பேனா மையில் இறங்குவதைப் பார்த்தபோது, விழுந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது. ஏட்டு பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

சாட்சி வேண்டும் என்றார்கள். பேக்கரிக்காரர் கேமரா ரிப்பேர் என்றார். படம் எடுத்த மூன்று பேர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் காளவாசலுக்குப் போய், பூ விற்கிற ஒவ்வொருவரிடமும் கேட்டு அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார். "டீச்சரு பொழைச்சுக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு, "நாளைக்கு வாரேண்ணே" என்று சொன்னவள், சொன்னபடி மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். கூடையோடு போனவளை மத்தியானம் வரைக்கும் வாசலில் உட்கார வைத்தார்கள். மல்லிகை முழுக்க விரிந்துவிட்டது. விரிந்த பூவை யார் வாங்குவார்கள்?

கடைசியில் உள்ளே கூப்பிட்டு, "நீ படிச்சிருக்கியா?" என்று கேட்டார்களாம்.

"காரு எந்தப் பக்கம் வளைஞ்சுச்சுன்னு பார்க்கப் படிச்சிருக்கணுமாய்யா?"

இதை என்னிடம் சொன்னது என் வீட்டுக்காரர். அவரும் அங்கே வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் கைரேகை வைத்துவிட்டு, விரிந்த பூவில் ஒரு பந்தை எடுத்து அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பூ வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கட்டிலின் கம்பியில் சுற்றிவிடச் சொன்னேன். இரண்டு நாள் வார்டு முழுக்க வாசம் இருந்தது.

அவள் சாட்சி சொல்லிவிட்டாள் என்றதும் மூப்பரின் வக்கீல் சுருதியைக் குறைத்தார். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவதாகச் சேதி வந்தது. நான் போக வேண்டிய அவசியமே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊன்றுகோலோடு போனேன். அந்த ஒரு வார்த்தையை என் காதால் கேட்க வேண்டும்.

காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் முறை வந்தபோது எழுந்து நிற்பதற்குள் பாதி முடிந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். "ம்" என்றார். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். "ஆமாங்கய்யா" என்றார். அம்புட்டுதான். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். ஏழு மாதமாக நான் மனசுக்குள் மெழுகி, கோலம் போட்டு வைத்திருந்த இடத்தில், அந்தச் சொல் வந்து ஒரு காலை வைத்துவிட்டுப் போய்விட்டது. சந்தோஷமாக இருக்குமென்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த ஆள் அத்தனை சின்ன ஆளாக இருந்தார். இத்தனை நாள் இவரைப் போய்ப் பெரிதாக நினைத்துத் தூக்கம் கெட்டேனே என்று என் மேலேயே எனக்கு இளக்காரமாக இருந்தது.

சபையில் நான் மன்னிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்துவிட்டேன். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அன்பைப் பற்றிப் பேச வருசா வருசம் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வருசம் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

டாக்டர் அனுமதித்த பிறகு வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டோவுல போயிரேன்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தைரியமாகப் போனேன் என்று எழுதலாம். பொய். பசுமலை தாண்டுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. ஓரமாக நின்ற ஒவ்வொரு காரும் என்மேல் பாயக் காத்திருந்தது. ஒரு கார் சும்மா லைட்டைப் போட்டதற்கு நான் பிரேக் அடித்து நின்று, பின்னால் வந்த மினி பஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழங்காநத்தம் வரை இரண்டாவது கியருக்கு மேல் போடவில்லை. சைக்கிளில் போன ஒரு பால்காரர் என்னை முந்திக்கொண்டு போனார், திரும்பிப் பார்த்துக்கொண்டே.

பள்ளிக்கூட ஷெட்டில் வண்டியை நிறுத்திய பிறகு இறங்க முடியவில்லை. இடது கால் ஊன்ற மறுத்தது. வலியில்லை, பயம். அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணக்கு வாத்தியார் தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினார், வணக்கம் என்றார், கைகொடுக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார்" என்றேன். "உங்க பதவி உயர்வு என்னாச்சு?"

"இன்னும் வரல டீச்சர்."

அவர் போய்விட்டார். முதல் மணி அடித்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது காலைத் தரையில் ஊன்றி, பிறகு மற்றதை மெல்ல இழுத்துக்கொண்டு இறங்கினேன். எட்டாம் வகுப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நிமிடம் தாமதம்.