குடைக்காரர் கதையின் இரண்டாவது சிரிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா மகள் நித்யா தாணேயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி அனுப்பியிருந்தாள். கூடவே இந்தியில் ஒரு கேள்வி. தன் அம்மா அடிக்கடி சொன்ன பழைய சீரியல் இதுதானா, நாலு சீசன் இருக்கிறதே, எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்? திறந்தேன். கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு குமாஸ்தா மாடிப்படி ஏறினார். எனக்கு உடனே பதனிட்ட தோலின் வாசனை அடித்தது. செல்போனிலிருந்து தோல் வாசனை எப்படி வரும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

அந்தத் தொடரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் நினைவுக்கு வரலாம். தாராவியில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு அது 'குடைக்காரர் கதை'. வெயிலிலும் குடையை விடாத ஒரு குமாஸ்தா, அவர் மனைவி, இரண்டு நாளைக்கென்று வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட மச்சினன், வீட்டைக் காலி செய்யச் சொல்லி மாடியேறி வரும் வீட்டுக்காரர். அவ்வளவுதான் கதை. வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு வரிசையில் உள்ள பெண்கள் எல்லாம் அடுப்பைத் தணித்துவிட்டு எங்கள் ஒற்றை அறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் இந்தி தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும், இந்தி பேசுகிறவர்களிடம் அவள் தமிழை உரக்கப் பேசினாள். அவர்களும் எப்படியோ புரிந்துகொண்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் குடைக்காரரைத் தமிழில் பேசவைத்தவள் என் செல்வி அக்கா, நித்யாவின் அம்மா. குழாயடியில் சண்டை போட்டே இந்தி கற்றவள் என்று அப்பா கேலி செய்வார். உண்மைதான். தண்ணீர் வரிசையில் நாலு மராத்திக்காரிகளையும் ஒரு பிகார்க்காரியையும் ஒரே மூச்சில் சமாளிக்கத் தெரிந்த இந்தி அவளுடையது. டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் படம் ஓரக்கண்ணில்தான் தெரியும். பெட்டிக்குள் ஒரு வசனம் வரும், உடனே அதற்குள்ளேயே ஒரு கூட்டம் சிரிக்கும். அக்கா தமிழில் சொல்வாள். பிறகு எங்கள் அறை சிரிக்கும். முதல் சிரிப்பு பம்பாய்க்காரர்களுடையது, இரண்டாவது எங்களுடையது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அறை சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனம் போய்விடும். அக்காவுக்கே அது காதில் விழாது. அந்தப் பள்ளத்தை அவள் கைச்சரக்கைப் போட்டு நிரப்பினாள். குடைக்காரரின் மனைவிக்கு சரசு என்று பெயர் வைத்தாள், பிறந்த ஊரைக் கல்லிடைக்குறிச்சி ஆக்கினாள். மச்சினனுக்கு எசக்கி என்று பெயரிட்டாள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. எசக்கி என்பது என் சொந்தத் தாய்மாமன் பெயர். வேலை தேடி ஒரு வாரத்துக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு தீபாவளி பார்த்துவிட்டுப் போனவர். அவர் படுத்த பாயைச் சுருட்டி வைக்க அம்மா பட்ட பாடு அந்த வரிசைக்கே தெரியும்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து கத்துகிறார். குடைக்காரர் பணிவாக ஏதோ சொல்கிறார். பெட்டி சிரித்தது. அம்மா வழக்கம்போல, "ஏட்டி, என்ன சொல்லுதாரு?" என்றாள்.

"இப்பவே காலி பண்ணுதேன் அண்ணாச்சி, மொதல்ல எசக்கி எந்திரிக்கட்டும், எங்க வீட்டுச் சாமான் பூரா அவனுக்கு அடியிலதான் கெடக்குங்காரு," என்றாள் அக்கா.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பகலெல்லாம் முகம் கொடுக்காமல் வேலை பார்க்கிறவள் அவள். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவள் பல்லை நாங்கள் பார்ப்போம்.

அக்காவுக்குத் தாணேயில் மாப்பிள்ளை அமைந்தபோது இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நல்லவர், குடும்பமும் நல்ல குடும்பம். அம்மா நகையைப் பற்றியோ பந்தியைப் பற்றியோ கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் சாதம் வடித்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "இனி வியாழக்கெழம யாரு எனக்குச் சொல்லுவா?" என்றாள்.

அதற்கு வழி சொன்னவர் காதர் பாய். எங்களுக்கு நாலு வீடு தள்ளித் தோல் பட்டறை வைத்திருந்தார், அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் தம்பி துபாயில் இருந்தார். தம்பிக்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு வீடே சுற்றி உட்கார்ந்து பேசும். குழந்தை அழுவதும் தாளிப்பதும் பட்டறையில் சுத்தியல் தட்டுவதும்கூட அந்தக் கேசட்டில் விழுந்து துபாய்க்குப் போகும். அந்தத் தம்பிதான் டிவியில் ஓடுவதைக் கேசட்டில் பதியும் வீடியோ பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். "அந்தக் கேசட்டுலயே வீட்டுச் சத்தம் பூரா உழுது மைனி. இது படமே புடிக்கித பெட்டி. செல்வி பக்கத்துல இருந்து சொன்னா அதும் உழுந்துராதா?" என்றார் காதர் பாய். விழும் என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்த நானும் நம்பினேன்.

கல்யாணத்துக்கு முந்திய மாதம் முழுக்க வியாழக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். அக்கா தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, அதற்கு மிக அருகில் உட்கார்ந்துகொள்வாள். குரல்தான் பதியப்போகிறது என்று தெரியும், ஆனாலும் பவுடர் போடாமல் உட்கார்ந்ததில்லை. யாரும் தும்மக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அந்த வாரங்களில் அக்கா சொன்ன மாதிரி அதற்கு முன் சொன்னதில்லை. சரசு பேசினாள், எசக்கி கொட்டாவி விட்டான், குடைகூட ஒரு தடவை பேசியது. கேசட்டுக்கு வேண்டுமே என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கடைசி வாரம், நடுவில் விளம்பரம் வந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து தண்ணீர் குடிப்பார்கள். அக்கா எழவில்லை. பெட்டியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா, சாப்பிட்டியா? குடைக்காரர் எங்கயும் போயிர மாட்டாரு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காரு."

அம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அது அப்போதைய அம்மாவுக்குச் சொன்னதல்ல, வரப்போகிற வியாழக்கிழமைகளின் அம்மாவுக்குச் சொன்னது. எல்லோருக்கும் அது புரிந்தது. காதர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பதிந்ததை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா தடை போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் மழைக்கு ஒழுகும் என்று கேசட்டுகளைக் காதர் பாய் தன் பட்டறை அலமாரியில் தோலுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். இப்போது தெரிகிறதா, அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று?

கல்யாணம் முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை. அம்மா குளித்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். கேசட்டை உள்ளே தள்ளினோம். படம் பளிச்சென்று வந்தது. குடைக்காரர் இந்தியில் பேசினார், பெட்டி சிரித்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. காதர் பாய் ஒலியைக் கூட்டினார். இந்தி இன்னும் உரக்கக் கேட்டது. வயரைப் பிடுங்கிச் செருகினார், அடுத்த கேசட்டைப் போட்டார், அதற்கடுத்ததையும் போட்டார். அந்தப் பெட்டிக்கு ஆன்டெனாவில் வருவதுதான் தெரியும், அறையில் யார் இருந்தார்கள் என்று தெரியாது. அக்கா குனிந்து பேசிய இடத்தில் ஒரு பெண் சோப்பு நுரையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு பாடினாள்.

அம்மா கடைசிவரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பொட்டி சிரிக்கு. அவ எங்கல?" என்றாள். காதர் பாய் பல மாதங்களுக்கு எங்கள் வாசலைத் தலை குனிந்துதான் கடந்தார். அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை. தாணே ஒன்றும் துபாய் இல்லை, ரயில் ஏறினால் அக்கா வீட்டில் இறங்கலாம். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் மாமியார் வீட்டு அடுப்பை விட்டுவிட்டு எந்த மருமகள் ரயில் ஏறுவாள்? அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். என்னென்ன சொன்னோம் என்று தனக்கே நினைவில்லை என்றாள். இனி யாருக்கு இருக்கும்?

மூன்றாவது சீசனுக்கு நான் மொழிபெயர்ப்பாளனாக நியமிக்கப்பட்டேன். ஒரு சொல் விடாமல், பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். "நீ சொல்லுதது சரியாத்தான்ல இருக்கும். சிரிப்புதான் வரமாட்டேங்கு," என்றாள். மனைவியாக நடித்தவர் மாறியிருந்தார், ஒரு குழந்தையை வேறு கதைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். தொடர் கெட்டுவிட்டது என்று பத்திரிகைகளும் எழுதின. அம்மா பத்திரிகை படிக்காமலே அதே தீர்ப்பைச் சொன்னாள், பார்ப்பதையும் நிறுத்தினாள். வரிசைப் பெண்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

வெகுகாலம் கழித்து, கிங்ஸ் சர்க்கிள் கடை ஒன்றில் மழைக்கு ஒதுங்கியபோது, நாலு சீசனும் அடங்கிய டிவிடி பெட்டி கண்ணில் பட்டது. மேல் அட்டையில் அதே குடை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வாங்கிவந்து முழுதும் பார்த்தேன். நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வதென்றால், உலகமே கொண்டாடும் முதல் இரண்டு சீசன்கள் சுமார்தான். பழைய துணுக்குகள், தேவைக்கு மேல் ஓட்டம், தும்மினால்கூடச் சிரிக்கும் கூட்டம். எல்லோரும் திட்டிய மூன்றாவதுதான் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மாற்றி வந்த நடிகை முந்தியவரைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எசக்கி எந்திரிக்கட்டும் என்ற இடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கே குடைக்காரர், "நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும்தான் சொல்கிறார். கடைசித் தட்டில் இயக்குநரின் பேட்டி இருந்தது. தன் வசனத்துக்கு நாடே சிரித்தது என்கிறார். ஐயா, தாராவியில் ஒரு அறையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். நாங்கள் சிரித்தது செல்வி அக்காவின் வசனத்துக்கு.

அக்காவும் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது மழைக்காலம். நித்யா சுட்டி அனுப்பிய அந்த ஞாயிறு மத்தியானமே திலக் நகரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பேச்சு பெரும்பாலும் இந்திதான். முதல் சீசனைப் போடச் சொல்லி, "மம்மி எப்பிடிச் சொல்வாங்களோ அப்பிடியே சொல்லு மாமா," என்றாள்.

சொன்னேன். எசக்கி எந்திரிக்கட்டும் என்றேன், அக்காவின் இழுவையோடு. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இந்தியில் சொன்னேன். "எசக்கி கௌன், மாமா?" என்று, அது யார் எனக் கேட்டாள். எசக்கி மாமாவையும் அவர் பாயையும், அம்மா அதைச் சுருட்டப் பட்ட பாட்டையும் விளக்கினேன். மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குறை சொல்ல மாட்டேன், என் மொழிபெயர்ப்பு அன்றும் இன்றும் அப்படித்தான்.

பிறகு இரண்டாவது சீசனில் அந்தக் கடைசி வாரத்துப் பகுதியைப் போட்டேன். விளம்பரம் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெளியீட்டில் விளம்பரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள், டிவிடியில் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. திரை ஒரு கணம் கறுத்து, உடனே அடுத்த காட்சி வந்துவிட்டது. அக்கா குனிந்து பேசிய அந்த இடமே இப்போது இல்லை. சோப்புக்காரி பாடிய அந்தக் கேசட்டையாவது வைத்திருந்திருக்கலாம். காதர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது.

நித்யாவிடம் சொல்லிக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்தக் கறுப்பில் நிறுத்தச் சொன்னேன். "இங்கதான் உங்கம்மா ஆச்சிகிட்ட ஒண்ணு சொன்னா," என்றேன்.

"என்ன?"

"எம்மா, சாப்பிட்டியா? ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காரு."

அதை இந்தியில் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள். ஆபீசிலிருந்து வரத் தாமதமாகும்போதெல்லாம் அவள் அம்மா போனில் கேட்ட வார்த்தைதானே. பிறகு அவளே ஓடவிட்டாள். பெட்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் இரண்டுபேரும் இரண்டாவது சிரிப்புக்காகக் காத்திருந்தோம்.