டயருக்குள் நின்ற தண்ணீர்

ரவாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகள் விளையாட ஒரு திடல் போட்டிருக்கிறார்கள். தரை மெத்துமெத்தென்று இருக்கும். பழைய டயரை அரைத்துப் போட்டதாம். பேரனை ஊஞ்சலில் விட்டுவிட்டு உட்கார்ந்தால், வெயிலில் அந்தத் தரையிலிருந்து ஒரு வாடை கிளம்பும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ பத்தொன்பது வயது திரும்பிவிடும். முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கும்.

எண்பதுகளில் எங்கள் தோட்டத்து ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பால்வெட்டுப் பெண்களுக்கு வேலை போயிற்று. ஜெராம் போகிற சாலையில் தவுக்கே என்று நாங்கள் சொல்கிற சீன முதலாளி ஒருவர், பழைய டயரிலிருந்து மறுபடி ரப்பர் எடுக்கும் கம்பெனி வைத்திருந்தார். "ரப்பர்தானே, நமக்குத் தெரியாததா?" என்று கிளம்பினோம். என்ன தெரிந்தது? டயரின் ஓரக் கம்பியை அறுத்தெடுத்து, துண்டு போட்டு, அரைத்து, எண்ணெய் விட்டு நீராவியில் வேகவைத்துத் தகடாக உருட்டவேண்டும். முதல் தகடு கைக்கு வந்த அன்று, தோட்டத்துப் பழக்கத்தில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். ரப்பர் பால் ஷீட் என்றால் தேன் நிறமாகத் தெரியும். இது சட்டியின் அடிப்பக்கம்போல் இருந்தது. "என்னா பாக்குற, உன் மூஞ்சி தெரியுதா?" என்று செல்வி சிரித்த சிரிப்பில், வேலையை மேற்பார்க்கிற மண்டோரே திரும்பிப் பார்த்தார்.

செல்வி எங்கள் பக்கத்து வீடு, தோட்டத்துக் கூலி வீடுகளில் ஒரே லயம். லோரி ஓட்டப் போன புருஷன் திரும்பவில்லை. மகள் மல்லிகாவுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. தோட்டத்தில் என்றால் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகலாம். கம்பெனியில் ஏது ஆயா? டயர் குவியலை ஒட்டியிருந்த கொட்டகை உத்திரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டினாள். தூங்கி எழுந்தால் மல்லிகா டயர்களுக்குள் நிற்கும் மழைத் தண்ணீரை அளைந்துகொண்டு, நெளிகிற புழுக்களைக் காட்டி, "அம்மா, மீனு!" என்று கத்தும். நாங்களும் ரசித்தோம்.

கொசு எங்களுக்குப் புதிதா? தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கொசு என்றால் அந்தி நேரத்துச் சங்கதி. விளக்கு வைத்ததும் தேங்காய் மட்டையில் மூட்டம் போட்டு, பிள்ளைகளை வலைக்குள் தள்ளிவிடுவோம். செல்வி அதில் கெட்டி. மல்லிகாவின் கொசுவலையில் ஒரு பொத்தல் இருக்காது. பகலில் தூளியைச் சுற்றிப் பறந்த வரிக்கால் கொசுக்களை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பிறகு மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாய்க் கிளம்பியது. பார்த்த அத்தனை பேரும் அம்மை என்றோம். "ஆத்தா வந்திருக்கா, ஊசி கீசி போட்டுடாத லா" என்றார்கள் லயத்துப் பெண்கள். வாசலில் வேப்பிலை செருகினோம். நானே இளநீர் வெட்டிக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியதும் ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்தோம். அதற்குள் மூக்கில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணியின் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே செல்வியின் மடியில் பிள்ளை அடங்கிவிட்டது.

பிறகுதான் சுகாதார இலாகா ஆட்கள் வந்து கம்பெனியில் புகை அடித்தார்கள். "அம்மை இல்ல, டெங்கி. இது பகல்ல கடிக்கிற கொசும்மா. டயர் தண்ணியிலதான் பொறக்குது" என்றார் அவர்களில் ஒரு தமிழர். மறுநாளிலிருந்து செல்வி வேலைக்கு முன்பே வந்து, ஒவ்வொரு டயராகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். டயரை எப்படிக் கவிழ்த்தாலும் உள்ளே கொஞ்சம் நிற்கும். லோரி இன்னும் கொண்டுவந்து இறக்கும். சாயங்கால மழை எல்லாவற்றையும் நிரப்பிவிடும்.

"விடு செல்வி, எத்தனையத்தான் கொட்டுவ?"

"நீ போ."

போய்விட்டேன், மணி அடித்திருந்தது.

கம்பெனி இப்போது இல்லை. லயமும் இல்லை. தோட்டத்தை விற்று வரிசை வீடுகள் கட்டினார்கள். மல்லிகாவைப் புதைத்த மேட்டையும் புல்டோசர் வழித்துவிட்டது. போன வருஷம் செல்வி வந்திருந்தாள். இருவரும் அங்கே போய் வெயிலில் நெடுநேரம் நடந்தோம். எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே இருந்தது. கார் நிறுத்துமிடம் ஒன்றில் நின்று, "இங்கதான இருந்துச்சு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. "ஆமா, இங்கதான்" என்றேன்.

கொண்டுவந்த பாலை அங்கேயே குனிந்து ஊற்றினாள். அது தார்த்தரையில் இறங்காமல் நின்றது.